ஒரே குரல், பல பாட்டு: வோக்கல் ட்ரான்ஸ் சிங்கிளும் அதன் ரீமிக்ஸ்களும்

போனில் ஒரு வோக்கல் ட்ரான்ஸ் பாட்டைத் தேடிப் பாருங்கள், ஒரே பெயரில் ஆறேழு வந்து நிற்கும். ஒன்று மூன்றரை நிமிடம், இன்னொன்று எட்டு நிமிடம், வேறொன்று பதினோரு நிமிடத்துக்கும் மேல். பெயருக்குப் பின்னால் ரேடியோ எடிட், எக்ஸ்டெண்டட் மிக்ஸ், இன்னாருடைய ரீமிக்ஸ், டப், சில்அவுட் மிக்ஸ் என்று வால் வேறு. புதிதாகக் கேட்க வருபவர் எதைத் தட்டுவது என்று தெரியாமல் இருப்பதிலேயே சின்னதைத் தட்டி, ஒரு முறை கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று போய்விடுகிறார். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் கல்லூரிப் பசங்க சிலர் என்னிடம் இதைத்தான் சொன்னார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ட்ரான்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது, இங்கிலீஷ் பாட்டே அதிகம் கேட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும், ஏனென்றால் இந்த இசை அவசரக்காரர்களுக்குத் தன்னைக் காட்டாது.

முதலில் ட்ரான்ஸ். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், முக்கியமாக ஃபிராங்க்ஃபர்ட் கிளப்புகளைச் சுற்றி வளர்ந்த நடன இசை இது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 140 தாள அடி வரை ஓடும். ஒவ்வொரு அடியிலும் 'டும்' என்று ஒரு கிக் விழும், இரண்டு கிக்குகளுக்கு நடுவில் பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி வந்து இடத்தை நிரப்பும், மேலே சின்னச் சின்ன ஸ்வரங்கள் விடாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்கும் மேலே அகலமாக ஒரு மெட்டு. அந்த அகலம் எப்படி வருகிறது என்றால், ஒரே ஸ்வரத்தை எழுப்பும் ஏழு ஒலிகளை ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி விலக்கி ஒன்றாக ஒலிக்க விடுவார்கள். 1990களின் பிற்பாதியில் ரோலண்ட் நிறுவனத்தின் ஜேபி-8000 கீபோர்டில் சூப்பர்சா என்ற பெயரில் இந்த ஒலி வந்தது, அதற்கப்புறம் ட்ரான்ஸ் என்றாலே அந்த ஒலிதான் என்று ஆகிவிட்டது. இதில் பாட்டு வரிகளும் பாடகர் குரலும் சேர்ந்தால் வோக்கல் ட்ரான்ஸ். பெண் குரல்தான் அதிகம்.

அடுத்து சிங்கிள். நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள், ஒரு பாட்டு என்றால் ஒரே ஒரு ஒலிப்பதிவுதான். இங்கே சிங்கிள் என்பது ஒரு கட்டு. அந்தப் பாட்டின் மூல வடிவம், வானொலிக்குச் சுருக்கியது, கிளப்புக்கு நீட்டியது, வேறு இரண்டு மூன்று இசையமைப்பாளர்கள் தங்கள் கைவண்ணத்தில் செய்தது என எல்லாம் சேர்ந்துதான் ஒரு வெளியீடு. இந்தப் பழக்கம் ட்ரான்ஸுக்கு முன்பே, 1970களின் டிஸ்கோ காலத்திலேயே வந்துவிட்டது. நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஆடுபவர்கள் ஆட்டத்தை நடுவில் நிறுத்த வேண்டாமே என்று பாட்டுகளை நீட்டி நீட்டித் தொகுத்தார், நீளமான பாட்டைக் கொள்ள 12 அங்குல இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கம் ஒரு வடிவம், திருப்பிப் போட்டால் இன்னொன்று. இசைத்தட்டு போய் சிடி வந்து, சிடியும் போய் இப்போது போனில் கேட்கிறோம், கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

ரீமிக்ஸ் என்றதும் நம் ஊர்க்காரருக்கு ஞாபகம் வருவது வேறு. பழைய எம்.எஸ்.வி. பாட்டை எடுத்து, புதுப் பாடகரைப் பாட வைத்து, அடியைக் கூட்டி, நடுவில் ராப் சேர்த்தால் அது ரீமிக்ஸ். ட்ரான்ஸில் சொல்லும் ரீமிக்ஸ் அப்படி வராது. பாடகர் ஒரு முறை ஸ்டூடியோவில் பாடியிருப்பார், அந்தக் குரல் மட்டும் தனியாக ஒரு கோப்பாக இருக்கும். பாட்டை வெளியிடும் கம்பெனி அதை ரீமிக்ஸ் செய்பவரிடம் கொடுக்கும். அவர் கீழே இருந்த இசையைப் பெரும்பாலும் முழுதாகக் கழற்றிவிட்டு, அதே குரலுக்கு வேறு அடி, வேறு பேஸ், வேறு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), வேறு அமைப்பு போடுவார். பாடகர் மறுபடி வந்து பாடுவதில்லை. அன்றைக்கு அவர் விட்ட மூச்சு, ஒரு சொல்லின் கடைசியில் இறங்கிய குரல், எல்லாம் ஐந்து ரீமிக்ஸிலும் ஒன்றேதான். மாறுவது அதைச் சுற்றி இருப்பது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். டெலீரியம் என்பது கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த இசைக்குழு, பில் லீப், ரைஸ் ஃபுல்பர் என்ற இருவர். 1997ல் 'கர்மா' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள், அதில் 'சைலன்ஸ்' என்று ஒரு பாட்டு, பாடியவர் சாரா மெக்லாக்லன், கனடாவில் அப்போதே பெரிய பெயர். மூல வடிவத்தைக் கேட்டால் அதில் ட்ரான்ஸே கிடையாது. தேவாலயத்தில் பாதிரிமார் ஓதுவது போன்ற குரல்கள், மெதுவாக நகரும் டிரம், நடுவில் சாராவின் குரல். ஆறரை நிமிடம், தலையணையில் சாய்ந்து கேட்கிற மாதிரி இருக்கும். 1999ல் அது சிங்கிளாக வந்தது, அப்புறம் ரீமிக்ஸ்கள் வந்தன. நெதர்லாந்தின் டியஸ்டோ ஒன்று செய்தார், பெல்ஜியத்தின் ஏர்ஸ்கேப் ஒன்று செய்தார்கள். அந்த ரீமிக்ஸ்களின் தோளில் ஏறித்தான் பாட்டு 2000ல் பிரிட்டன் தரவரிசையில் மூன்றாவது இடம் வரை போனது. இன்றைக்கு 'சைலன்ஸ்' என்றால் உலகத்தில் பல பேருக்கு ஞாபகம் வருவது டியஸ்டோவின் பதினொன்றரை நிமிட வடிவம்தான், மூலத்தைக் கேட்டதே இல்லை என்பவர்களும் உண்டு.

டியஸ்டோவுடையதைப் போட்டால் சாரா உடனே வரமாட்டார். கிக்கும் தாளமும்தான் ஓடும், பேஸ் வரும், பின்னணி ஒலிகள் ஒவ்வொன்றாகச் சேரும், நிமிடங்கள் போகும். இங்கேதான் புதியவர்கள் கையை வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். அந்த ஆரம்பத்துக்கு ஒரு தொழில் காரணம் இருக்கிறது: டிஜே ஒரு பாட்டை முடித்து அடுத்ததை எடுக்கும்போது இரண்டையும் கொஞ்ச நேரம் சேர்த்து ஓட்டுவார், அடி அடியோடு பொருந்த வேண்டும், அந்த இடத்தில் இரண்டு குரல்கள் மோதினால் கேட்கச் சகிக்காது. அதனால் பாட்டின் தலையிலும் வாலிலும் வெறும் தாளம் மட்டும் விட்டு வைப்பார்கள். நான்கு அடி ஒரு பார். பெரும்பாலான மாற்றங்கள் 8, 16, 32 என்று பார் கணக்கில்தான் வரும். 138 அடி வேகத்தில் ஒரு பார் ஒன்றே முக்கால் விநாடிக்குப் பக்கம், 32 பார் என்றால் ஏறக்குறைய 56 விநாடி. ஒரு தடவை விரலால் எண்ணிப் பாருங்கள், எட்டாவது பார் முடியும் இடத்தில் ஏதோ ஒன்று நுழையும் அல்லது விலகும். இரண்டு மூன்று பாட்டுக்கு எண்ணிவிட்டால் அப்புறம் எண்ணவே வேண்டாம், உடம்புக்கே தெரிந்துவிடும்.

ஆனால் காத்திருக்க வைப்பதற்குத் தொழில் காரணம் மட்டும் போதாது, கலைக் காரணமும் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டுக்காரருக்கு இதைச் சொல்ல நான் வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் திரை வருகை தெரியும். துரியோதனன் சட்டென்று வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுவார். மேலே கிரீடம் கொஞ்சம் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், முகம் தெரியாது. பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாட, மிருதங்கமும் தாளமும் ஏற ஏற, பாயில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பையன்கூட எழுந்து உட்காருவான். திரை விலகும். அப்புறம் அவர் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்க்க வேண்டும்.

ட்ரான்ஸில் பிரேக்டவுன் என்று ஒரு பகுதி வரும், அதுதான் இந்தத் திரை. பாட்டின் நடுவில் கிக் நின்றுவிடும், பேஸும் போய்விடும். குரலும், அதன் கீழே பேட் என்று சொல்கிற மெத்தை மாதிரியான நீண்ட ஒலியும் மட்டும் மிஞ்சும். இவ்வளவு நேரம் அடிக்கு நடுவில் கேட்டுக்கொண்டிருந்த அதே வரி இப்போது வெறும் வெளியில் நிற்கும்போது வேறு பாட்டாகத் தெரியும். மெல்ல சுருளும் மெட்டு உள்ளே வரும், ஸ்நேர் டிரம் அடிக்கு ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு என்று நெருங்கும், ஒலிகள் மந்தமாக இருந்து பளிச்சென்று திறக்கும், ஒரு கணம் எல்லாம் அடங்கும், அடுத்த அடியில் கிக்கும் பேஸும் மெட்டும் ஒன்றாக வந்து விழும். அது டிராப்.

திரையை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதில்தான் ரீமிக்ஸ் செய்பவரின் கை தெரிகிறது என்பது என் கருத்து. சீக்கிரம் விட்டால் ஏக்கம் சேராது, அதிகம் பிடித்தால் கூட்டம் சலித்துவிடும். ஒரே துரியோதனன் விருத்தத்தை ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒரு மாதிரி எடுக்கும், அடுத்த ஊர் ஜமா வேறு மாதிரி எடுக்கும், கூத்து தெரிந்தவர்கள் விடிந்ததும் டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரே சாரா குரலை டியஸ்டோவும் ஏர்ஸ்கேப்பும் எடுத்திருப்பதை அந்தக் காதோடு கேளுங்கள். யாருடையது நல்லது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், எந்த இடத்தில் யார் குரலைத் தனியே விட்டார், யார் அடியோடு ஓட்டினார் என்று மட்டும் பாருங்கள்.

கார்டு மாறுவது இன்னும் நுட்பமான விஷயம், இதைக் காதால் கேட்பதைவிடக் கையால் வாசித்துப் பார்ப்பது நல்லது. போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப் இருந்தால் போதும். வலது கையில் ஏ ஸ்வரத்தை அமுக்கிக்கொண்டே இருங்கள். பாடகர் பிடித்திருக்கும் ஸ்வரம் அது என்று வைத்துக்கொள்வோம், அது மாறக் கூடாது. இடது கையில் முதலில் ஏ மைனர் போடுங்கள், அதாவது ஏ, சி, ஈ. வலது கை ஸ்வரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி, கொஞ்சம் சோகமாக நிற்கும். இப்போது வலது கையை எடுக்காமல் இடது கையை எஃப் மேஜருக்கு மாற்றுங்கள், எஃப், ஏ, சி. அதே ஏ இப்போது சட்டென்று வெளிச்சமாகிவிடும். அடுத்து டி மைனர், அதாவது டி, எஃப், ஏ. அதே ஸ்வரம் எதையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பது போல இழுக்கும். வலது கை ஒன்றுமே செய்யவில்லை! ரீமிக்ஸ் செய்பவருக்குப் பாடகரின் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற அவசியமில்லை, கீழே கார்டை மாற்றிப் போட்டால் விடைபெறும் வரி வரவேற்கும் வரி ஆகிவிடும். இளையராஜா பாட்டில் பல்லவி ஒரு முறை வந்ததற்கும் சரணம் முடிந்து திரும்ப வருவதற்கும் ஏதோ வித்தியாசம் தெரிகிறதே என்று யோசித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வேகம் இன்னொரு சிக்கல். மெதுவாகப் பாடிய குரலை வேகமான அடியில் எப்படிப் பொருத்துவது? பழைய டேப் மாதிரி வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறி அணில் குரலாகிவிடும். கணினியில் சுருதியை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் மாற்றலாம், ஆனால் அதிகம் இழுத்தால் குரலில் ஒரு நடுக்கம், ஒரு தகர வாசனை வந்துவிடும். இன்னொரு வழி, குரலைத் தொடவே தேவையில்லாத வழி, இரட்டிப்பு. 70 அடி வேகத்தில் பாடிய பாட்டு 140 அடிக்கு அப்படியே பொருந்தும், பாடகரின் ஒரு அடிக்குள் கிக் இரண்டு அடி. நல்ல வோக்கல் ட்ரான்ஸில் கீழே கால்கள் ஓடிக்கொண்டிருக்க மேலே குரல் நிதானமாக மிதப்பது இதனால்தான். எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்ததும் அந்த இரண்டு வேகம்தான்.

பெயர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ரேடியோ எடிட் என்றால் மூன்று நான்கு நிமிடம், குரல் சீக்கிரம் வரும், திரை சின்னது. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் அல்லது கிளப் மிக்ஸ் என்றால் முழு நீளம், தலை வால் உண்டு. இன்ஸ்ட்ருமென்டல் குரலே இல்லாதது. டப் மிக்ஸில் குரல் துண்டு துண்டாக எதிரொலியோடு வந்து மறையும், இந்த வழக்கத்தின் வேர் ஜமைக்காவில் இருக்கிறது, கிங் டபி போன்றவர்கள் 1970களில் பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு டிரம்மையும் பேஸையும் வைத்து விளையாடியதில். சில்அவுட் மிக்ஸில் கிக்கே இருக்காது, இருந்தாலும் மெதுவாக. பூட்லெக் என்றால் அனுமதி வாங்காமல் யாரோ செய்தது. சில சமயம் அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் பாடியவருக்குக் காசு போகாது.

பாடியவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் டிஜே பெயர் பெரிதாக இருக்கும், ரீமிக்ஸ் செய்தவர் பெயர் பாட்டுப் பெயரோடே ஒட்டிக்கொள்ளும், பாடியவர் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும் அல்லது குழுப் பெயருக்குள் மறைந்தே போகும். மோட்டார்சைக்கிள் என்ற பெயரில் 2003ல் வந்த 'ஆஸ் த ரஷ் கம்ஸ்' பாட்டில் கேப்ரியல் அண்ட் ட்ரெஸ்டன் இருவரோடு பாடியவர் ஜெஸ் ப்ரீடன். ஓஷன்லேப் என்ற பெயருக்குள் அபவ் அண்ட் பியாண்ட் குழுவோடு இருப்பவர் ஜஸ்டின் சுயிசா, 2003ல் ஆர்மின் வான் ப்யூரனின் 'பர்ன்ட் வித் டிசையர்' பாடியவரும் அவர்தான். ஐந்து ரீமிக்ஸிலும் மாறாமல் நிற்பது இவர்கள் குரல் ஒன்றுதான் என்றால், தேடும்போது முதலில் இவர்கள் பெயரைப் போட்டுத் தேடுவதுதானே நியாயம்? அப்படித் தேடினால் நல்ல பாட்டுகள் கிடைக்கவும் செய்யும்.

வரிகள் புரியாதே என்று தயங்குபவர்களுக்கு: வரிகள் மிகக் குறைவு. இரண்டு சின்னச் சரணம், ஒரு பல்லவி, அதுவும் திரும்பத் திரும்ப. கடல், வானம், வெளிச்சம், காத்திருப்பு, விட்டுப் போனவர் என்று பெரும்பாலும் எளிய சொற்கள். ஒரு தடவை வரிகளைத் தேடிப் படித்துவிட்டு மூடி வையுங்கள். நம்மில் எத்தனை பேர் தெலுங்குக் கீர்த்தனையைப் பொருள் தெரியாமலே உருகிக் கேட்டிருக்கிறோம், அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமலே போய்விடும், பேஸ் இல்லாவிட்டால் அது நின்று திரும்பும் இடமும் தெரியாது, டிராப் வெறும் சத்தமாகிவிடும். சாதாரண இயர்போன் போதும். கல்யாண மண்டபத்தில் டிஜே வைக்கும் பெட்டிகளில் கேட்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. தெரிந்த மைக் செட்காரர் இருந்தால், சாமான் இறக்கி டெஸ்ட் செய்யும் நேரத்தில் ஒரே ஒரு பாட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், கிக் நெஞ்சில் விழுவது என்றால் என்னவென்று அப்போது தெரியும்.

வரிசை என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். 'சைலன்ஸ்' மூலம் முதலில், அடுத்து ஏர்ஸ்கேப், கடைசியில் டியஸ்டோ, நடுவில் வேறு எதுவும் போடாமல். காட்பாடியில் சென்னை ரயில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் மூன்றும் முடிந்துவிடும். மூன்றிலும் சாரா குரலின் முதல் வரி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, அந்த நேரத்தில் கீழே கிக் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். அது பழகியபின் 'ஆஸ் த ரஷ் கம்ஸ்' எடுங்கள், அதன் ஸ்வீப்பிங் ஸ்ட்ரிங்ஸ் மிக்ஸையும் சில்அவுட் மிக்ஸையும் அடுத்தடுத்துப் போடுங்கள், இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள். அப்புறம் அதே 2003ல் வந்த அண்டேன் குழுவின் 'பியூட்டிஃபுல் திங்ஸ்', அதில் கேப்ரியல் அண்ட் ட்ரெஸ்டனின் அன்ப்ளக்ட் மிக்ஸ். அதுவரைக்கும் ரேடியோ எடிட் பக்கம் போக வேண்டாம்.